கருங்காட்டு வாயிலில் ஒரு பல்கலைக்கழகம்

"அடுத்து என்ன படிப்பு?" என்னும் வினா எழும்போது, நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று "ஜெர்மனி" என்பதே விடையாக வருகின்றது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மானிய உயர்கல்விக் கூடங்களில் பயின்ற இந்திய மாணவர் தொகை 49,483. அந்நாட்டில் பயிலும் அயல்நாட்டு மாணவருள் இந்தியரே எண்ணிக்கையில் முதலிடம் பெற்றனர். அங்குக் கல்விக் கட்டணம் இல்லை, ஆங்கிலமே போதும், படித்துக்கொண்டே சம்பாதித்துக் கடனை அடைத்துவிடலாம் என்னும் மூன்று நம்பிக்கைகள் இந்த ஓட்டத்தின் பின்னே நிற்கின்றன. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எதுவும் முழு உண்மை அன்று.

வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்தும், தாயின் நகைகளை அடகு வைத்தும் பிள்ளையை அனுப்பத் துணியும் பெற்றோர், முழு உண்மையை அறிந்து துணிவதே முறை. ஆகவே ஒரு நகரையும் அதன் பல்கலைக்கழகத்தையும் எடுத்துக்கொண்டு, அங்கே படிக்கச் செல்லும் பிள்ளை எவற்றைச் சந்திக்கும் என்பதை நாம் ஒழுங்காகக் காண்போம்.

ஊரும் கல்விக்கூடமும்

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்சும் சுவிட்சர்லாந்தும் அண்மையில் இருக்க, கருங்காடு என்று பொருள்படும் பெயருடைய மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது பிரைபுர்க் நகர். இரண்டேகால் இலட்சத்துக்குச் சற்று மிகுந்த மக்கள் வாழும் இவ்வூரின் பழைய தெருக்களில், கற்பாவிய தரையின் ஓரமாகச் சிறு வாய்க்கால்கள் தெளிந்த நீருடன் ஓடுகின்றன. அவற்றில் தவறிக் கால் வைத்தவர் இவ்வூராரையே மணப்பர் என்று அங்குள்ளோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஊர் நடுவே 116 மீட்டர் உயரக் கோபுரத்துடன் நிற்கின்றது அன்னை மரியாவின் பேராலயம். 1944 நவம்பர் 27 இரவு நிகழ்ந்த குண்டுவீச்சில் நகர் தீக்கிரையாகி ஏறத்தாழ 2,800 பேர் மாண்டனர். சுற்றிலும் எல்லாம் இடிந்து விழ, அக்கோபுரம் மட்டும் நிலைத்து நின்றது.

இந்நகரின் பல்கலைக்கழகம், திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் 1455-இல் அளித்த ஒப்புதலைப் பெற்று, 1457-இல் ஆர்ச்டியூக் ஆறாம் ஆல்பிரெக்டு என்பவரால் நிறுவப்பட்டது. இன்று ஏறத்தாழ 24,000 மாணவர் இங்குப் பயில்கின்றனர். நம் நாட்டில் உள்ளதுபோன்று மதில் சூழ்ந்த ஒரே வளாகம் அன்று. நூலகம் ஓரிடத்தில், ஆய்வுக்கூடம் வேறிடத்தில், மருத்துவமனை மற்றோரிடத்தில் என்று ஊரெங்கும் பரவிக் கிடக்கின்றது. 1911-இல் திறக்கப்பெற்ற செம்மணற்கல் கட்டடத்தின் மேற்புறத்தில், உண்மையே மனிதரை விடுவிக்கும் என்று ஆண்டவர் கூறியதாக யோவான் நற்செய்தி சொல்லும் வாக்கு பொறிக்கப்பட்டுள்ளது. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று நற்செய்தி வாக்கைத் தன் நெற்றியில் தாங்கி நிற்பது நமக்கு வியப்பாகவே தோன்றும்.

வாக்கும் வாழ்வும்

ஆனால் நெற்றியில் எழுதிய வாக்கை நெஞ்சில் எழுதுவது எளிதன்று. 1933-இல் இட்லரின் ஆட்சி வந்தபோது இப்பல்கலைக்கழகம் தன் யூத ஆசிரியரை வெளியேற்றியது. உடலில் யூரியா உண்டாகும் முறையை 1932-இல் இங்கே கண்டறிந்த ஹான்ஸ் கிரெப்ஸ் என்னும் இளம் மருத்துவர், அடுத்த ஆண்டே வேலையிழந்து இங்கிலாந்துக்குப் புகலிடம் தேடிச் சென்றார். அவரே 1953-இல் நோபெல் பரிசு பெற்றார். ஒரு நாட்டின் அறியாமை மற்றொரு நாட்டின் செல்வமாயிற்று.

நம் திருச்சபை பீடத்தில் ஏற்றிப் போற்றும் ஒருவரும் இங்கே மாணவியாக வந்தவரே. 1891-இல் யூதக் குடும்பத்தில் பிறந்த எடித் ஸ்டைன், மெய்யியலறிஞர் ஹுசெர்லிடம் ஆய்வு செய்து, 1916-இல் இங்கு முனைவர் பட்டத்தை மிக உயர்ந்த சிறப்புடன் பெற்றார். பிறர் உணர்வதை நாம் எங்ஙனம் உணர்கின்றோம் என்பதே அவர் ஆய்ந்த பொருள். ஹுசெர்லுக்கு உதவியாளராகவும் பணிபுரிந்தார். எனினும் பெண் என்ற காரணத்தால் பேராசிரியராகும் வழி அவருக்கு அடைக்கப்பட்டது. 1922-இல் திருமுழுக்குப் பெற்று, 1933-இல் கொலோன் நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்த அவர், 1942 ஆகஸ்டில் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். 1998-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அதே ஊரில், காரித்தாஸ் அலுவலகத்தில் பணியாற்றிய கெர்ட்ருட் லுக்னெர் என்ற அம்மையார், துன்புறுத்தப்பட்ட யூதர்க்கு உதவியதற்காக 1943-இல் கைது செய்யப்பட்டு ராவென்ஸ்புருக் முகாமில் அடைக்கப்பட்டார். போர் முடிந்தபின் உயிருடன் மீண்டு, 1995 வரை வாழ்ந்தார். கற்றோர் கூட்டம் வாய்மூடி இருந்த நாளில் உண்மைக்குச் சான்று பகர்ந்தவர் இத்தகைய சிலரே. படிப்பு உயர்ந்தால் பண்பும் தானே உயரும் என்று எண்ணும் நமக்கு இவ்வரலாறு ஒரு பாடம் அன்றோ?

நுழையும் வாயில்

இனி, நம் பிள்ளைகள் அங்கே எவ்வாறு நுழைகின்றனர் என்பதைக் காண்போம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் நேரே ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் சேர்வது பெரும்பாலோர்க்கு இயலாது. நம் நாட்டுக் கல்லூரியில் ஓராண்டேனும் தேறியிருத்தல் வேண்டும்; அல்லது அங்குள்ள முன்னிலைக் கல்லூரியில் ஓராண்டு பயின்று தேர்வெழுதித் தேறுதல் வேண்டும். ஆகவேதான் நம்மவருள் பெரும்பாலோர் இளங்கலைப் பட்டம் பெற்றபின் முதுநிலைப் படிப்புக்குச் செல்கின்றனர்.

2022 நவம்பர் முதல், இந்திய மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்குமுன் தம் சான்றிதழ்கள் மெய்யானவை என்று 'ஏ.பி.எஸ்.' என்னும் அமைப்பிடம் சரிபார்த்துச் சான்று பெறுதல் கட்டாயமாயிற்று. போலிச் சான்றிதழ்கள் பெருகியதே இதற்குக் காரணம். சிலர் செய்த பொய்யின் சுமையை எல்லாரும் சுமக்க நேர்ந்தது.

மதிப்பெண் முறையும் நமக்குத் தலைகீழாகத் தோன்றும். அங்கே 1 என்பது முதன்மை, 4 என்பது தேர்ச்சியின் கடைசி எல்லை, 5 தோல்வி. நம் மதிப்பெண்ணை மாற்றும் வழி இது: மிக உயர்ந்த மதிப்பெண்ணிலிருந்து நாம் பெற்றதைக் கழித்து, அதை உயர்ந்ததற்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். நூற்றுக்கு 80 பெற்றவர்க்கு, தேர்ச்சி 50 என்றால், 2.2 வரும். 2.5-க்குள் இருப்போரையே விரும்பும் துறைகள் பல உண்டு. வீட்டிலேயே இக்கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். இதற்காக முகவருக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

மொழியைப் பற்றி ஒரு சொல். கணிப்பொறி இயல், நுண்பொறியியல் போன்ற சில முதுநிலைப் படிப்புகள் பிரைபுர்கில் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. வகுப்பறைக்கு ஆங்கிலம் போதும். ஆனால் வாடகை ஒப்பந்தமும், மருத்துவர் தரும் தாளும், நகராட்சிக் கடிதமும், சிறு வேலைகளுக்கான நேர்காணலும் ஜெர்மன் மொழியிலேயே வரும். புறப்படுமுன் ஓராண்டேனும் அம்மொழியைக் கற்றுச் செல்லும் பிள்ளைக்கு அங்கே பாதி வழி கடந்தது போலாம்.

பணக் கணக்கு

'கட்டணம் இல்லாக் கல்வி' என்பது ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தும். ஆனால் பிரைபுர்க் அமைந்துள்ள பாடன்-வியூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் 2017-18 குளிர்காலப் பருவம் முதல் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகின்றது. நான்கு பருவ முதுநிலைப் படிப்புக்கு அது 6,000 யூரோ. முனைவர் பட்ட ஆய்வாளர்க்கு இக்கட்டணம் இல்லை.

இதனினும் பெரிது வாழ்க்கைச் செலவுக்கான ஈட்டுத்தொகை. விசா பெறுவதற்கு, ஓராண்டுச் செலவுக்குரிய பணத்தை முன்னதாகவே ஒரு முடக்கக் கணக்கில் இட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இத்தொகை 11,904 யூரோ என்று வகுக்கப்பட்டது. அங்குச் சென்றபின் மாதம் 992 யூரோ வீதம் மாணவர்க்கே திரும்பக் கிடைக்கும். எனவே இது கட்டணம் அன்று. பிள்ளையின் உணவும் உறைவிடமும் ஆகும். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், புறப்படுமுன் கையில் இருக்க வேண்டிய இத்தொகை மட்டும் 11 இலட்சத்து 90 ஆயிரத்து 400 ரூபாய். ஈராண்டுச் செலவும் கட்டணமும் சேர்ந்து ஏறத்தாழ முப்பது இலட்சம் ஆகும். விமானச் செலவும் வங்கி வட்டியும் இதில் சேரா.

படிக்கும்போதே உழைத்து ஈட்டலாமா? ஈட்டலாம். 2024 மார்ச் முதல், அயல்நாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்ய இசைவு உண்டு. சட்டப்படியான குறைந்த ஊதியம் 2026 சனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. இதனால் அன்றாடச் செலவின் ஒரு பகுதியைத் தாங்கலாம். ஆனால் இங்குள்ள கடனின் தவணையை அங்குள்ள மாணவன் அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்போமாயின், அவன் படிக்க வேண்டிய இரவுகளைச் சமையற்கூடத்திலும் கிடங்கிலும் கழிப்பான். அதன் விளைவை அடுத்துக் காண்போம்.

படிப்பின் முறை

அங்கே வகுப்பு மணி குறைவு. தானே படிக்கும் மணி மிகுதி. ஒரு பருவத்துக்குரிய பாட அலகுகள் முப்பது. ஓர் அலகு என்பது ஏறத்தாழ முப்பது மணி உழைப்பு. ஆக, ஒரு பருவத்தில் 900 மணி. இதில் ஆசிரியர் முன் அமர்வது ஒரு சிறு பகுதியே. வருகைப் பதிவைக் கூவி அழைப்பாரும் இல்லை. மாதத் தேர்வு வைத்துப் பெற்றோர்க்குக் கடிதம் எழுதுவாரும் இல்லை. விரிவுரை பத்து மணிக்கு என்று குறித்திருந்தால் பெரும்பாலும் பத்தேகாலுக்கே தொடங்கும். அதனை 'கல்விசார் கால் மணி' என்பர். விரிவுரை முடிந்ததும் மாணவர் கைதட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டி நன்றி தெரிவிப்பர். இவை இனிய புதுமைகள்.

இனிமையற்றது ஒன்று உண்டு. ஒரு கட்டாயப் பாடத்தின் தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. துறையின் விதிப்படி அது இருமுறையாகவோ மும்முறையாகவோ இருக்கும். கடைசி வாய்ப்பிலும் தவறினால் 'இறுதியாகத் தேறவில்லை' என்று பதிவு செய்வர். அதன்பின் அப்படிப்பை அங்கே தொடர இயலாது. நாட்டின் பிற பல்கலைக்கழகங்களிலும் அதே பாடத்துறையின் கதவு பெரும்பாலும் அடைபடும். படிப்புக்காகத் தரப்பட்ட தங்கும் இசைவும் அத்துடன் ஆட்டம் காணும். நம் ஊரில் 'அரியர்' என்று ஆண்டுக்கணக்கில் எழுதித் தள்ளும் பழக்கம் அங்கே செல்லாது. பிள்ளையும் பெற்றோரும் இவ்விதியைப் புறப்படுமுன் சேர்ந்து படித்தல் நன்று.

நன்கு தேறினால் பரிசும் உண்டு. பட்டம் பெற்றபின், தகுந்த வேலை தேடுவதற்குப் பதினெட்டு மாதம் வரை அங்கே தங்க இசைவு கிடைக்கும்.

அறையும் பதிவும்

பிரைபுர்கில் வீடு கிடைப்பது அரிது. மாணவர் நலக் கழகத்தின் விடுதிகளில் இடம் பெறக் காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டை மூவர் நால்வர் பகிர்ந்து வாழும் முறையும் பரவலாக உண்டு. அறையைக் காட்டாமலே முன்பணம் அனுப்பச் சொல்லும் வஞ்சகர்கள் உளர். அவர்களிடம் ஒரு காசும் அனுப்பலாகாது. வீட்டு உரிமையாளர் கேட்கக்கூடிய முன்பணம், பிற செலவுகள் நீங்கலான வாடகையில் மூன்று மாதத்துக்கு மேற்படக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம்.

குடிபுகுந்த இரு வாரத்துக்குள் நகராட்சியில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அப்போது 'சமயம்' என்று ஒரு கட்டம் இருக்கும். இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுகின்றனர். "கத்தோலிக்கர் என்று எழுதாதே, வரி பிடித்துவிடுவார்கள்" என்று முன்னே சென்ற நண்பர் காதில் ஓதுவார்.

உண்மை இதுவே: ஜெர்மனியில் திருச்சபை உறுப்பினரிடம் திருச்சபை வரி பெறப்படுகின்றது. அது வருமானத்தில் ஒரு பங்கு அன்று. வருமான வரியில் ஒரு பங்கு. பாடன்-வியூர்ட்டம்பெர்க், பவேரியா மாநிலங்களில் நூற்றுக்கு 8. பிற மாநிலங்களில் 9. வருமான வரியே கட்டாத மாணவர்க்குத் திருச்சபை வரியும் இல்லை. ஆகவே மாணவர் தம் சமயத்தை மறைப்பதால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பின்னர் வேலை கிடைத்து வரி கட்டும் நிலை வரும்போது, திருச்சபையினின்று விலகுவதாக அலுவலகத்தில் எழுதித் தந்தால் வரி நீங்கும். ஆனால் அவ்வாறு விலகுவோர் அருளடையாளங்களைப் பெற இயலாது என்று ஜெர்மானிய ஆயர்கள் 2012-இல் ஆணை பிறப்பித்தனர். ஊருக்கு வந்து பங்குக் கோவிலில் திருமணம் செய்ய நினைக்கும் இளைஞர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். அந்த ஜெர்மானியத் திருச்சபையின் உதவியால் எழுந்த பள்ளிகளும் மருந்தகங்களும் நம் மறைமாவட்டங்களிலும் உண்டு என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஞாயிறும் குளிர்காலமும்

கோவில்கள் நிறைந்த நாடு என்று எண்ணிச் செல்லும் பிள்ளை, ஞாயிறு திருப்பலியில் காலி இருக்கைகளைக் கண்டு திகைக்கும். 2022-இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஜெர்மனியில் கத்தோலிக்கத் திருச்சபையினின்று விலகினர். குருக்கள் சிலர் சிறுவர்க்கு இழைத்த கொடுமைகளும், அவற்றை மறைத்த மேலோரின் செயலும் வெளியானது இதற்கு ஒரு பெருங்காரணம். இதனைப் பிள்ளைகளிடம் மறைப்பதனால் பயனில்லை. அங்கே நம்பிக்கை ஊரோடு ஒத்த வழக்கமாக நிற்பதில்லை; தானே தெரிந்துகொண்டதாக நிற்கும். பல்கலைக்கழக நகரங்களில் கத்தோலிக்க மாணவர்க்கென்று தனிச் சமூகங்கள் உண்டு. அங்குத் திருப்பலியும், உரையாடலும், பொருளிடர்ப்பட்ட வேளையில் அறிவுரையும் கிடைக்கும். ஈழத்திலிருந்து சென்று குடியேறிய தமிழர், நாட்டின் வடமேற்கிலுள்ள கேவலார் மாதா திருத்தலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் பெருந்திரளாகக் கூடுகின்றனர். பிரைபுர்கிலிருந்து அது நெடுந்தொலைவே. ஆயினும் தமிழ்த் திருப்பலியின் ஏக்கம் அத்தொலைவைக் குறைக்கும்.

குளிர்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். திசம்பரில் மாலை நாலரை மணி அளவில் பொழுது சாய்ந்துவிடும். ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும், தெருக்கள் ஓய்ந்திருக்கும். வெயிலிலும் கூட்டத்திலும் வளர்ந்த நம் பிள்ளைக்கு அந்த மௌனம் நெஞ்சை அழுத்தும். தனிமை சோர்வாகவும், சோர்வு நோயாகவும் மாறலாம். பல்கலைக்கழக நகரங்களின் மாணவர் நலக் கழகங்களில் உளநல ஆலோசனை கிடைக்கும். அங்குச் செல்வது இழுக்கு அன்று. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வது போன்றதே.

பெற்றோர்க்கு

அயல்நாட்டுக் கல்வியில் மிகப் பெரிய இடர் குளிரும் அன்று, செலவும் அன்று. பிள்ளைக்கும் வீட்டுக்கும் இடையே முளைக்கும் பொய்யே ஆகும். தேர்வில் தவறிய மகன் "எல்லாம் நலம்" என்கின்றான். கடன்காரர் வாசலில் நிற்க, தந்தையும் "எல்லாம் நலம்" என்கின்றார். இருவரும் ஒருவரையொருவர் நோகச் செய்யாதிருக்கவே இவ்வாறு கூறுகின்றனர். ஆயினும் மூன்றாம் வாய்ப்பும் தவறிய பின்னரே உண்மை வெளிவருமாயின், உதவும் காலம் கடந்துவிடும்.

பிறர் உள்ளத்தை உணர்வது எங்ஙனம் என்று எடித் ஸ்டைன் ஆய்ந்தார். அவ்வாய்வை நம் வீடுகளில் தொலைபேசி வழியே நாம் செய்யலாம். குளிர்காலத்தில் அவர்கள் நேரம் நம்முடையதற்கு நாலரை மணி பின்னே. கோடையில் மூன்றரை மணி. அங்கே ஞாயிறு காலைப் பத்து மணித் திருப்பலி முடிந்து பிள்ளை அறைக்குத் திரும்பும்போது நமக்கு மாலை வேளை. அந்த நேரத்தை அவர்களுக்கென்று ஒதுக்குவோம். "மதிப்பெண் என்ன?" "வேலை கிடைத்ததா?" "பணம் அனுப்புவாயா?" என்னும் மூன்று கேள்விகளுக்கு முன்னே, "இன்று யாரோடு உணவருந்தினாய்?" என்று கேட்போம். அந்த ஒரு கேள்விக்கு வரும் விடையிலேயே பிள்ளையின் நிலை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

புறப்படும் நாளுக்குமுன் வீட்டில் எல்லாரும் அமர்ந்து மூன்று உறுதிகளைச் செய்துகொள்ளலாம். முதலாவது, வரவு செலவு இரு பக்கத்திலும் மறைக்கப்படாது. இரண்டாவது, முதல் தோல்வி நேர்ந்த வாரத்திலேயே வீட்டுக்குச் சொல்லப்படும். சொன்னவனை வீடு ஏசாது. மூன்றாவது, படிப்பு ஒத்துவராது என்று தெளிவாகிவிட்டால், ஊரார் என்ன சொல்வர் என்று அஞ்சாமல் பிள்ளை திரும்பி வரலாம்; கதவு திறந்திருக்கும்.

இம்மூன்றும் உறுதியான வீட்டிலிருந்து செல்லும் பிள்ளை பட்டத்துடன் வந்தாலும், பட்டமின்றி வந்தாலும், நம் பிள்ளையாகவே வரும். அனுப்பும் பணத்தைவிட, விசாவைவிட, இந்த உறுதியே அவர்கள் பெட்டியில் முதலில் வைக்க வேண்டிய பொருள்.